நாற்பது அண்டர்சைஸ்

தொப்பூர் ஏற்றத்தில்
சங்ககிரி சிமெண்டோடு நின்றுவிட்டது வண்டி.
"ஒரே ஒரு சத்தம் ஓனரம்மா,
தேங்காய் உடைச்ச மாதிரி" என்றான் மாதேஷ்.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்
எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்,
தான் உடைந்தது தனக்குத் தெரியாமல்.

குண்டல்பட்டிப் பட்டறையில் நான்கு நாள்.
ஐந்தாம் நாள் கிரேங்கை இரண்டு துண்டாய் எடுத்து
சாக்கின் மேல் கிடத்தினார்கள்.
ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்த்தார்கள்.

ஆயில் போகவில்லை என்றார் ஜபருல்லா.
பேரிங்கைப் பாருங்கள்,
நாவற்பழம் தின்ற நாக்கு.
ஆயில் போனது என்றான் மாதேஷ்,
காட்டியைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன் என்றான்.
அந்தக் காட்டியின் ஊசி
ஒரு வருஷமாய் ஒரே இடத்தில் நிற்பதை
அங்கே யாரும் பேசவில்லை, நானும்தான்.
பம்ப் கடைக்காரர் ஆள் விட்டுச் சொன்னார்:
டைமிங் சுத்தம்.
அவரை யாரும் கேட்கவே இல்லை.
முன்பக்க டேம்பரின் ரப்பர்
கரம்பு நிலம் மாதிரி வெடித்துக் கிடந்தது.
"மாத்தச் சொன்னேனே" என்றார் ஜபருல்லா.
சொன்னார்.
பதிமூன்றாயிரம் என்றும் சொன்னார்.

இன்சூரன்ஸ்காரர் கூலிங்கிளாஸைக் கழற்றவில்லை.
"மோதி உடைஞ்சா தரலாம்மா.
தானா உடைஞ்சா வழியில்லை."
தானா.
அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பெரிய துண்டைக் கிளீனர் பையன் தோளில் ஏற்றி
கிருஷ்ணகிரி பஸ் பிடித்தோம்.
அரைக் கிரேங்குக்கு முழு லக்கேஜ் டிக்கெட்.
போன வருஷம் இதைக் கடைந்த பச்சியப்பன்
மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து,
உடைந்த முகத்தில் டார்ச் அடித்தார்.

இந்தப் பக்கம் கடல் கிடையாது.
ஆனாலும் அந்த இரும்பில்
அலை பின்வாங்கிய ஈரமணல் தெரிந்தது,
வளைவுக்குள் வளைவாய், வழவழவென்று.

"இங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார்,
மூன்றாம் ஜர்னலின் கழுத்தோரம், நகக்கண் அளவு.
"ரொம்ப நாளா உடைஞ்சிக்கிட்டே வந்திருக்கு."
அப்புறம் ஓரத்தில் ஓர் இடத்தைத் தொட்டார்,
கல்கண்டு மாதிரி கரகரப்பாய், அரை விரல் அகலம்.
"தொப்பூர்ல உடைஞ்சது இவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல்:
"கழுத்துல ரேடியஸ் பத்தலை.
அந்த வாரம் கல்லு தேஞ்சிருந்தது."
கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.
முப்பதோடு நிறுத்துங்க, புதுசு போடுங்க
என்று அப்போது சொன்னவர் அவர்.
நாற்பதுக்கு இறக்குங்க, இன்னும் ஒரே ஒரு தடவை
என்று சொன்னது நான்.
அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை.
டீ சொன்னார். குடித்தேன்.

ராத்திரி லோடு நோட்டை எடுத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் பதினொரு கோடு எண்ணியிருந்தேன்.
ஓசூர் ஜல்லி, மூன்று டன் கூடுதல்.
ஆயில் மாற்றாமல் தள்ளிய ஆடி மாதம்.
டாப் கியரிலேயே ஏறு, டீசல் மிச்சம் என்று
நான் போனில் சொன்ன நாள்கள்;
அவை நோட்டில் இல்லை.
கோட்டுக்கும் கணக்குக்கும் பொருந்தவில்லை.
விடியும்வரை பொருத்திப் பார்த்தேன்.

புதுக் கிரேங்க் வட்டிக்கு வந்தது.
அதற்கு முன்பே ஆயில் காட்டி ஒன்று வாங்கினேன்,
அறுநூற்றைம்பது ரூபாய்.

முதல் லோடு. தொப்பூர் அடிவாரம்.
கிளீனர் பையன் போனைப் பிடித்திருக்கிறான்.
"ஊசி எங்கடா நிக்குது?"
"நடுவுல ஓனரம்மா."
"கியர்?"
"மூணு."
மூன்றில் ஏறினால் எத்தனை லிட்டர் என்று
மனசு அதுபாட்டுக்குப் பெருக்குகிறது.
வாயை மூடிக்கொள்கிறேன்.
போனை வைக்கவில்லை,
ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.