சீனி குறைவு

மூன்றாம் ஞாயிறு.
ஈசூன் கோப்பிக்கடை, சுழலும்போது முனகும்
அந்த மின்விசிறிக்குக் கீழே
ஆறு பேர்.
கவிதை வாசிக்கத்தான் வந்தோம்.
யாரும் எழுதி வரவில்லை.

கொஞ்ச நேரம் கரண்டிகளைக் கலக்கிக்கொண்டிருந்தோம்.
பிறகு ஜமால்தீன் சொன்னார்,
சீனியை விட்டு நாற்பத்தொரு நாளாச்சு.
'கோப்பி ஓ கோசோங்' என்று அங்கிளிடம் கேட்க
முதல் வாரம் நாக்குக் கூசியதாம்.
இப்போது கசப்புக்குள்
கருகிய நிலக்கடலை வாசம் வருகிறதாம்.
எழுதுங்களேன் என்றோம்.
எழுதினால் இனித்துவிடும் என்றார்.

ரெஜினா நாற்பத்தாறு வயதில்
நீச்சல்குளத்தைக் கடந்திருக்கிறார்.
நீளத்தை இல்லை, அகலத்தை.
யாரும் கேட்காமலே
இரண்டுமுறை திருத்திச் சொன்னார்.
அந்தப் பக்கச் சுவரைத் தொட்டதும்
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
உயிர்காப்பாளரைப் பார்த்துக் கையசைத்தாராம்.
அவர் பதறி எழுந்து
மிதவையைத் தூக்கி
பிறகு புரிந்து
மெதுவாகக் கையசைத்தாராம்.

வேலப்பன்
புதுத் தொகுப்பின் மெய்ப்பிலிருந்து
நிலாவை எடுத்துவிட்டார்.
பதினேழு இடம்.
எடுத்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை.
இருட்டாக இருக்காதா?
எங்கள் புளோக்கில்
தாழ்வார விளக்கு விடிய விடிய எரியுது,
அது போதும்.

நாச்சம்மையின் கதை பழையது.
மேல்வீட்டுத் துணிக்கழியிலிருந்து
இவர் காயப்போட்ட துணிமேல் சொட்டும் தண்ணீர்.
நகர மன்றத்துக்கு மூன்று கடிதம்,
மூன்றும் எதுகை தப்பாதவை.
போன வாரம் நான்காவதைக் கிழித்துப்போட்டு
மின்தூக்கியில் ஒரு மாடி ஏறி
மேடம் கோ வீட்டுக் கதவைத் தட்டி
விரல்களால் மழை பெய்து காட்டினார்.
இன்னும் சொட்டுகிறது.
ஆனால் சொட்டும் முன்னே மேலிருந்து
"தண்ணி! தண்ணி!" என்றொரு குரல்.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்,
அந்த 'ண்' மட்டும் வழுக்குது என்றார்
பெருமையை மறைக்கத் தெரியாமல்.

இளங்கோதை எதுவும் சொல்லவில்லை.
கிளம்பும்போதுதான் பார்த்தோம்,
அவளுடைய கைத்தொலைபேசி
ஒன்றரை மணி நேரமாய்
மேசையில் குப்புறக் கிடந்திருக்கிறது.

நானும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் இதைத்தான்:
வேலப்பனின் போன தொகுப்புக்கு
வாழ்த்து அனுப்ப
மூன்று மாதம் பிடித்தது எனக்கு.
வேலைப்பளு என்று காரணம் வேறு.
இந்தமுறை, அச்சுக்குப் போகிறதென்று
அவர் தகவல் அனுப்பியபோது
துவாஸ் போகும் கடைசி ரயிலில் உட்கார்ந்து
'அருமை' என்று தட்டினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டி
முன்னால் 'ரொம்ப' சேர்த்து
அதையும் பார்த்துக்கொண்டே இருந்து
மூன்றாம் நாள் அனுப்பினேன்.

மூன்றே நாள்.

எழுந்துபோய் இன்னொரு கோப்பி கேட்டேன்.
கோசோங்கா என்றார் அங்கிள்,
ஜமால்தீன் பக்கம் கண்ணைக் காட்டி.
இல்லை, சியூ டாய் என்றேன்,
சீனி குறைவு.
முழுதாய் விட
எனக்கு இன்னும் நாளிருக்கிறது.