இருக்கையின் உயரம்

அவெஞ்சரை வாங்க வந்தவர்
வத்தளையிலிருந்து மனைவியோடு வந்திருந்தார்.
கேற்றுக்குள் எட்டிப் பார்த்து
"மஹத்தயா இல்லையா?" என்றார்.
நான்தான் மஹத்தயா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. மனைவி சிரித்தாள்.

எட்டு வருடம் ஓட்டிய வண்டி.
கால்களை முன்னே நீட்டி, கைகளை அகல விரித்து,
ஊருக்கே கடன் கொடுத்தவளைப் போல
சாய்ந்து போவேன்.
காலி வீதியில் அவ்வளவு ஆறுதலாகப் போகிறவளுக்கு
எல்லாரும் உறவு.
சிவப்பு விளக்கில் முச்சக்கர வண்டிக்காரர்
"இது எத்தனை சிசி?" என்று தொடங்கி
பச்சை விழுமுன்
மச்சானின் முறிந்த காலைச் சொல்லி முடிப்பார்.
வெள்ளவத்தை மாடிகளில் காயும் சேலைகள்
எனக்கு நிறத்தோடு பாடம்.
பெற்றோல் வரிசையில் ஓர் இரவு முழுக்க
அதன் மேலேயே தூங்கினேன்,
டாங்கில் கன்னம் வைத்து.
அவ்வளவு வசதி.
அதைத்தான் விற்றேன்.

வந்தவர் காசை எண்ணிக்கொண்டிருக்க
மனைவி பின்சீற்றில் ஏறி,
சாய்மானத்தில் முதுகைக் கொடுத்து,
"ஹரி சனீபய்" என்று கண்ணை மூடினாள்.
ஒரு நிமிடம் மனம் மாறப் பார்த்தது.

மறுநாள் பஞ்சிகாவத்தை.
ரிஸ்மியின் கடை வாசலில் நீல ஆர்-பதினைந்து,
அரைப்பாய்ச்சலில் உறைந்த பூனை.
விலைக்கு முதல் அவன் உயரத்தைச் சொன்னான்:
"எண்ணூற்றுப் பதினைந்து மில்லிமீற்றர் அக்கா.
உங்களுக்கு எட்டாது."
நான் ஐந்தடி ஓரங்குலம்.
எட்டாது என்ற சொல்லோடு
எனக்குப் பழைய கணக்கொன்று இருக்கிறது.

ஏறினேன்.
ஒரு காலின் பெருவிரல் மட்டும்
தரை இருக்கிறதா என்று கேட்டது.
கைகள் கீழே, பாதங்கள் பின்னே,
தோட்டைத் தொலைத்துவிட்டுத்
தேடுகிறவளின் முதுகு.

இந்த நகரத்தில் நான் குனிந்த இடங்கள் உண்டு.
கொட்டாஞ்சேனைச் சந்தியில், பதினாறு வயதில்,
கொட்டிய பையிலிருந்து உருண்ட கொம்பாசையும்
அடையாள அட்டையையும் பொறுக்க.
பிறகு உழைத்த காசில்
சாய்ந்து உட்காரும் வண்டியாகப் பார்த்து வாங்கியது
அதனால்தானோ என்னவோ.
இதை ரிஸ்மியிடம் சொல்லவில்லை.
அவன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

முதல் வாரம் மணிக்கட்டு விண்விண்ணென்றது.
ஊசி பிடித்து நரம்பு தேடும் கை.
இரத்தம் கொடுக்க வந்த பெரியவர்
"என்ன பிள்ளை, கை நடுங்குது" என்றார்.
லிப்டன் சுற்றுவட்டம் ஐயா, என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை. கையை மட்டும்
கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

பழையதை வளைவில் நான் திருப்புவேன்.
இது திருப்பக் கேட்பதில்லை.
இடப்பக்கம் போக இடக்கையை முன்னே தள்ளவேண்டும்,
யாரையோ போகச் சொல்வதுபோல.
குழியைப் பார்த்தால் குழிக்கே போகும்.
போகிற இடத்தைப் பார்.
பார்க்கிறேன்.
அதற்குள் ஒரு முழு மாடியே கட்டி
குடியும் வந்துவிட்டார்கள்.
யாருடைய சேலைகள் என்று தெரியாது.

விடிய ஐந்தரை. இரவு வேலை முடிந்து
மெரின் டிரைவ்.
வலப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால்
இன்னும் நிறம் எடுக்காத கடல்.
தெற்கே போகும் ரயில் பக்கத்தில் வந்தது.
கதவில் தொங்கிய பொடியன்
கையை வீசினான், வா வா என்று.
மூன்றாவது கியர்.
நாலு.
கடல் ஒரு கோடாயிற்று.
ஹெல்மட்டுக்குள் யாரையோ
கெட்ட வார்த்தையில் ஏசிக்கொண்டிருந்தேன்,
அவ்வளவு சந்தோஷமாக.

குறுக்கே பாண் வண்டி,
பாட்டும் தானுமாக.

பிரேக் பிடித்தது. வண்டி நின்றது. பிறகு
எட்டாத பக்கமாக மெல்லச் சரியத் தொடங்கியது.
பாண்காரன் குதித்து ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்தான்.
"நங்கி, கால் எட்டவில்லையே" என்றான் சிங்களத்தில்.
ஒன்று எட்டும், என்றேன்.
மாலு பாண் இரண்டு கேட்டேன்.
நான் காசு தேடி முடியும்வரை
வண்டியை அவனே பிடித்துக்கொண்டு நின்றான்.
இறங்கவில்லை.
இறங்கினால் திரும்ப ஏறவேண்டும்.