ஐம்பத்திரண்டு

பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
வேனின் பின்கதவைச் சாத்தினேன்.
லைல் ஹாகன், வயது எழுபத்தொன்று,
கோதுமை லாரி ஓட்டியவர்.
மால்ட்டா வரை இருநூற்றைந்து மைல்.
கூலி மைல் கணக்கு,
பெட்ரோல் என் பாடு.

எழுபத்தைந்தில் விரட்டினால்
கேலனுக்குப் பதினேழு மைல் தரும் இந்த வேன்.
ஐம்பத்திரண்டில் இருபத்துநாலு.
நான் சொல்லவில்லை,
ஆறு வருஷமாக ஒவ்வொரு பம்பிலும்
பென்சிலால் எழுதிய நோட்டு சொல்கிறது.
வழியில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால்
பதினோரு டாலர் மிஞ்சும்.
சும்மா உட்கார்ந்திருப்பதற்கு
மணிக்குப் பதினோரு டாலர் தரும் முதலாளியை
நான் இன்னும் பார்க்கவில்லை.

செத்தவர்களுக்கு என்ன அவசரம் என்று
இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு பகடி வைத்திருப்பார்கள்.
நான் சொல்வதில்லை.
காதில் விழும் தூரத்தில்தானே படுத்திருக்கிறார்.

ரவுண்டப் தாண்டியதும் எதிர்காற்று.
வேகம் ஒரு பிடி கூடினால்
காற்று கேட்பது ஒரு படி,
கந்துவட்டிக்காரன் மாதிரி.
மேட்டில் தளர விட்டேன்.
இறக்கத்தில் காலை எடுத்தேன்.
பிரேக் மிதிப்பதென்றால்
காசு கொடுத்து வாங்கியதைச்
சாலையில் கொட்டிவிட்டுப் போவது.
வேலியோரம் கவைக்கொம்பு மான்கள்.
இந்த வேகத்தில் எண்ண முடிகிறது, பதினேழு.
அவையும் எங்களை எண்ணியிருக்கும்,
ஒன்று என்றோ இரண்டு என்றோ.

கிராஸ் ரேஞ்சில் ஆர்டிஸ் கூப்பிட்டாள், அவர் மனைவி.
நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்றேன்.
"இரண்டரை மணி நேரத்தில் வருவார் அவர்."
கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும்.
"பதினோரு அபராதச் சீட்டு.
பரிசு வாங்கின மாதிரி
ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்.
மெதுவாகவே கொண்டுவாங்க.
ஒரு தடவையாவது."

அப்புறம் அந்தச் சிவப்புப் பிக்கப்.
பின்னால் ஒட்டிக்கொண்டு விளக்கடித்தான்,
ஹாரன் அடித்தான்,
தாண்டும்போது நடுவிரலைக் காட்டினான்.
மிசூரிப் பாலத்துக்கு முன்னால் சாலை வேலை.
ஆரஞ்சுச் சட்டைக்காரி
நிறுத்தப் பலகையோடு நின்றிருந்தாள்.
அவன் பின்னால் போய் நின்றேன்.

இறங்கி வந்தான்.
விதைக் கம்பெனித் தொப்பி, இருபது வயதிருக்கும்.
கண்ணாடியை இறக்கினேன்.
திட்ட வாயெடுத்தவன்
என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்துவிட்டான்:
மெரூன் போர்வை,
இரண்டு பட்டைகள்,
அந்த நீளம்.
தொப்பியைக் கழற்றினான்.
"யாரு?"
"மால்ட்டாக்காரர்."
பெயர் சொல்ல எனக்கு உத்தரவில்லை.

பலகை திரும்பியபோது
அவன் ஓரம் கட்டி என்னை முன்னே விட்டான்.
முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு
பின்னாலேயே வந்தான்.
அறுபத்தைந்து மைல்,
ஐம்பத்திரண்டில்.
மேட்டில் நான் தளர்ந்தால் அவனும் தளர்ந்தான்.
ஒருவன் மட்டும் வரும் ஊர்வலம்.
பார்க்க வழியில் ஒரு வீடில்லை.

தானியக் கிடங்கின் உச்சி தெரிந்த இடத்தில்
இடப்பக்கம் திரும்பினான்.
தொட்டதும் விட்டதுமாய் ஒரு ஹாரன்.

ஆர்டிஸ் கோட்டு மாட்டாமல்
குளிரில் நின்றிருந்தாள்.
மணி பார்க்கவில்லை.
போர்வையின் கால்மாட்டைத் தட்டி,
"வந்துட்டீங்களா" என்றாள்,
என்னிடம் இல்லை.

பம்பில் நோட்டைப் பிரித்தேன்.
எட்டரை கேலன், எதிர்காற்று.
பென்சிலை மூடப் போனவள் யோசித்தேன்.
அந்தப் பிக்கப்பின் எஞ்சின் பெரிது,
அறுபத்தைந்து மைலில்
ஒரு கேலனாவது மிஞ்சியிருக்கும்.
அவனுக்குத் தெரிந்திருக்காது.
கீழே இன்னொரு வரி எழுதினேன்:
சிவப்பு, பெயர் தெரியாது,
ஒரு கேலன்.