முற்பணம்

உப்புவெளியில் எனக்கொரு வீடு இருக்கிறது.
நான் அதில் ஓர் இரவும் படுத்ததில்லை.

பதினொரு வருடம் தோஹாவில்
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து
அறை அறையாகக் கட்டியது.
கடலுக்கு ஐந்நூறு மீற்றர்.
தரகர் இருநூறு என்பார்.
கீழே சுழியோடும் பையன்களின் கடை,
மேலே அவர்களின் காற்றுச் சிலிண்டர்கள்,
எந்நாளும் காயாத ரப்பர் சட்டைகள்.
நான் இருப்பது பாலையூற்றில்,
மரியநாயகம் மாஸ்டர் வீட்டின் பின்பாதியில்,
வாடகைக்கு.

பெரிய வாடகை வாங்கி, சின்ன வாடகை கொடுத்து,
இடையில் மிஞ்சுவதில் சீவியம்.
வங்கியில் இருக்கிற பெட்டை இதை முதலீடு என்றாள்.
நான் இவ்வளவு நாளும் சமையல் என்று நினைத்திருந்தேன்.

சட்டம் வந்தது ஒரு வியாழக்கிழமை.
வந்தது என்றால்,
நொத்தாரிசு ஜெகசோதியின் தொலைபேசியில்
சரிவாய் எடுத்த ஒரு படமாக.
முற்பணம் மூன்று மாதத்துக்கு மேல் ஆகாது.
மேலதிகமாய் வாங்கியதைத் தொண்ணூறு நாளில் திருப்பு.
காரணம் எழுதாமல் எழுப்பாதே.

முதலில் வீட்டுக்காரியாக வாசித்தேன்.
வயிற்றைப் பிசைந்தது.
பிரியந்த தந்த ஒரு வருட முற்பணம்
மேல்தட்டுக் கொங்கிறீட்டாகி இறுகிவிட்டது.
கொங்கிறீட்டைத் திருப்பி எடுக்க ஏலாது.

பிறகு குடியிருப்பவளாக வாசித்தேன்.
'எழுப்பாதே' என்ற சொல்லை
விரலால் மூடி, திறந்து,
இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கொடுக்கவேண்டியது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.
வரவேண்டியது இரண்டு லட்சத்து இருபத்தையாயிரம்.
மின்பட்டியலின் முதுகில் கழித்தேன்.
மிச்ச மூன்று லட்சத்துப் பதினையாயிரத்தை
இந்த இரண்டு பேரில் எவள் கட்டுவது?

கச்சேரியில் கேட்டேன்.
தமிழ்ப் பிரதி இன்னும் வரவில்லை,
அடுத்த கிழமை பாருங்கள்.
திரும்பி வருகையில் கோட்டை வீதியில் ஒரு மான்
யாரோ எறிந்த படிவத்தை மென்றுகொண்டிருந்தது,
முத்திரை ஒட்டிய மூலையிலிருந்து.

அன்று பின்னேரமே பிரியந்த வந்தான்.
கையில் அதே பக்கம். அதே வரி,
மஞ்சள் பூசி.
"அக்கா, கோபிக்கவேண்டாம்" என்று தமிழில் தொடங்கி
தொகையைச் சிங்களத்தில் சொன்னான்.
தேத்தண்ணி போட்டேன். குடித்தான்.
பிழை சொல்ல முடியாது.
ஐப்பசியோடு அவனுக்குக் கடல் கதவடைத்துவிடும்,
வாடகைக்கு மட்டும் பருவமில்லை.

விடிய மாஸ்டரின் முன்கதவைத் தட்டினேன்.
பிரியந்த விட்டுப்போன தாள்தான்,
மஞ்சளோடு.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
இரண்டு தரம் வாசித்தார்.
"பிள்ளை, நீயும் வீட்டுக்காரிதானே."
அவருடைய மகனை இத்தாலிக்கு ஏற்றிய காசு அது.
இத்தாலியையும் திருப்பி எடுக்க ஏலாது.

பொறு, என்கிறார் ஜெகசோதி,
சட்டத்துக்குப் பின்னால் திருத்தம் தவழ்ந்து வரும்.
நிலாவெளிப் பக்கம் காணி வாங்கிப்போட்ட கொழும்புக்காரர்கள்
'விற்பனைக்கு' என்று பலகை நடுகிறார்கள்,
மறு மாதம் பிடுங்குகிறார்கள்.
பொறுத்திருக்க அவர்களுக்கு வேறு வீடுகள் உண்டு.

கடைசியில் பிரியந்ததான் சொன்னான்:
வாடகையில் கழிப்போம்.
மாதம் அறுபதாயிரம், ஒன்பது மாதம்.
அதையே கொண்டுபோய் மாஸ்டரிடம் சொன்னேன்.
இருபத்தையாயிரம், அதுவும் ஒன்பது மாதம்.
ஒன்பது மாதமா என்று
குசினிக்குள்ளிருந்து மாஸ்டரின் மனைவி சிரித்தா.

ஒன்பது மாதம் நாங்கள் மூவரும்
ஒருவருக்கொருவர் ஒரு சதமும் கொடுக்கமாட்டோம்.
எல்லாரும் சட்டப்படி நடப்போம்.
அரிசிக்கு என்ன செய்வது என்பது
நான் வாசித்த பக்கத்தில் இல்லை.
அடுத்த பக்கத்தில் இருக்கலாம்.

மாஸ்டர் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார்.
ஆறு வருடத்தில் இது முதலாவது.
பவளராணி என்பதில் ஓர் எழுத்துப் பிழை.
பார்த்தேன்.
நாலாய் மடித்து
வீட்டு உறுதிக்குள் வைத்தேன்.