எழுத்துக் கூலி

லாம்காவில் கல்லறைக்கல் கொத்துகிறேன்;
எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.

நியாங்சிங் செத்த ஒன்பதாம் நாள்
மகன்கள் இருவரும் வந்தார்கள்.
தேதிமிலிருந்து எல்லை தாண்டிய கம்லியானுக்கு
'சிங்' எழுத ஒற்றை 'சி' போதும்.
இங்கேயே பைதே படித்த ஹௌசுவானுக்கோ
பக்கத்தில் ஓர் 'எச்' நிற்காவிட்டால்
அது அம்மாவே இல்லை.

அவள் எப்படி எழுதுவாள், கேட்டேன்.
கைநாட்டு, என்றார்கள்.
அதில் மட்டும் ஒரே குரல்.

பேர் ஏறி இறங்கும் தொனியை
இரண்டு எழுத்துமுறையும் விட்டுவிடுகிறது
என்று நான் சொல்லவில்லை.
பிழைப்பு.

'எச்' வரவேண்டிய இடத்தில்
கட்டைவிரல் நுனியளவு
குழித்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

கல்லைப் படுக்கவைத்த அன்றே மழை.
குழியில் தேங்கியதைக் குனிந்து பார்த்து
துய், என்றான் அண்ணன்.
துய்தான், என்றான் தம்பி.