எஞ்சினுக்கு ஒரு பங்கு

சோனாங்குப்பத்தில் என் படகுக்கு
மூன்று மாதமாய்ப் பெயர் இல்லை.
பெயிண்ட் அடிக்கும்போது அழிந்தது.
திரும்ப எழுத ஆள் கூப்பிட்டேன்,
எண்ணூறு கேட்டான்.
எண்ணூறுக்கு எட்டரை லிட்டர் டீசல்.
பெயர் காத்திருக்கட்டும்.

எனக்கு எல்லாமே லிட்டர்தான்.
மகளின் டியூஷன் மாதம் பதினாறு.
ஏகவல்லியின் மூக்குக்கண்ணாடி முப்பத்தொன்று.
தவணை கேட்டு வந்த பேங்க்காரர் சட்டை
துணியைப் பார்த்தே சொல்வேன்,
இருபதுக்குக் குறையாது.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
ஐந்து நாள் கடலில்லை.
பக்கவாட்டு விரிசலுக்கு மேட் ஒட்டினேன்.
ஹார்டனர் கூடிப்போய்
டப்பாவிலேயே கல்லானது ஒரு கிலோ ரெசின்.
நசுங்கிய ப்ரொப்பல்லர் இதழைத் தட்டி நிமிர்த்தினேன்.
பழைய சாமான் கடையில் எடுத்த சோலார் பலகையை
ஐஸ்பெட்டி மூடியில் திருகினேன்.
ஒரு விளக்கு, ஒரு ஜிபிஎஸ், நாலு பேரின் செல்போன்.
"சூரியன் சும்மா தருது" என்றான் தேசிங்கு.
பலகையில் படியும் உப்பைத் துடைக்க
தினமும் ஒரு ஆள் வேண்டும்.
துணியை அவன் கையில் கொடுத்தேன்.

ராத்திரி கடலிலிருந்து பார்த்தால்
மேற்கே வானம் வெளுத்திருக்கும்.
சிப்காட்டா, நெய்வேலியா என்று சண்டை வரும்.
எதுவாயிருந்தாலும்
அந்த வெளிச்சம் எங்கெங்கோ போகிறது,
எங்கள் தெருவைத் தாண்டித்தான்.

நாடு இத்தனை சதவீதம் வளர்ந்தது என்கிறது டிவி.
என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
முதல் பக்கத்தில், லிட்டருக்கு நாலு கிலோ மீன்.
இந்த வருடம் ஒன்றேகால்.
கவலை ரொம்பவும் குறைந்துவிட்டது,
மீனைச் சொல்கிறேன்.

கூண்டு இறங்கிய மறுநாள் போனோம்.
பதினெட்டுப் பாகத்தில் வலை இழுத்து முடித்ததும்
எஞ்சின் இருமியது.
நின்றது.
டீசலில் தண்ணீர்.
குழாயை உறிஞ்சி, வாய்நிறைய துப்பிய தேசிங்கு
"எட்டு ரூபா போச்சு" என்றான் என்னைப் பார்த்து.
யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் எல்லோரும்.

ஐஸ் மூடுகிற நீலத் தார்ப்பாயை
இரண்டு கழிகளுக்கு நடுவே விரித்தோம்.
கொண்டல் கேட்காமலே வந்து உட்கார்ந்தது.
சத்தமில்லாமல் நகர்வதை நம்பாமல்
கையை நீரில் விட்டுப் பார்த்தேன்.
விரல்களை இழுத்தது.
எங்கள் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் உண்டு.
கல் மிதந்து வந்ததாம்.
எத்தனை லிட்டருக்கு என்று
யாரும் குறித்து வைக்கவில்லை.

மணிக்கு ஒரு மைலும் கொஞ்சமும்.
ஏழு மணி நேரம்.
மூடியில்லாத பெட்டியில்
ஐஸ் உருகிக்கொண்டே வந்தது.
கரை தொட்டபோது ஏலம் முடிந்திருந்தது.
சங்கராவின் கண் மங்கியிருந்தது.
கிடைத்த விலைக்குக் கொடுத்தோம்.
சும்மா வந்த காற்றும்
கூலியை ஐஸில் எடுத்துக்கொண்டது.

பங்குக் கணக்கு இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.
ஆளுக்கு ஒன்றாய் நாலு, அதில் நானும் ஒருவன்.
படகுக்கு ஒன்று. வலைக்கு ஒன்று.
எஞ்சினுக்கு ஒன்று.
கடைசி மூன்றும் என் பைக்கு.

செலவு போக நாலாயிரத்து நானூற்று எண்பது.
அறுநூற்று நாற்பதாய் அடுக்கினேன்.
நாள் முழுக்கப் பேசாத சங்கிலியாண்டி
ஏழாவது அடுக்கைக் காட்டிச் சொன்னான்:
"எஞ்சின் இன்னைக்கு லீவு."

தேய்மானம் என்றேன்.
கடன் என்றேன்.
எஞ்சின் தூங்கினாலும் வட்டி தூங்காது என்றேன்.
"சரி" என்றார்கள்.
அந்தச் சரி சரியாயில்லை.

கூடை அலசிக்கொண்டிருந்த ஏகவல்லி
திரும்பாமலே கேட்டாள்:
"தார்ப்பாய் யாருது?"

தேசிங்கு தங்கை கல்யாணப் பந்தலுக்கு வாங்கியது.
அவனே மறந்திருந்தான்.

அறுநூற்று நாற்பதும் தார்ப்பாய்க்குப் போயிற்று.
இன்னும் எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை.
முன்மாதிரி ஆகிவிடும்.
நாளை ஒருவன் கயிற்றுக்குக் கேட்பான்,
ஒருவன் கழிக்கு.

விளக்கடியில் நோட்டைப் பிரித்தேன்.
போனது: ஆறு லிட்டர்.
வந்தது என்ற கட்டத்தில்
சுழி போட்டேன்.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
அதை அடித்து
பக்கத்தில் எழுதினேன்:
ஐஸ், நாலு பார்.