பாதி ஷட்டர்

சோனாங்குப்பத்துத் தோடுகளை
எனக்கு எடையால் தெரியும்.
ஆதிலட்சுமியுடையது ரெண்டு கிராம் நூற்றிருபது மில்லி,
திருகாணி கவரிங்.

துறைமுகம் பூட்டிக் கிடந்த மாதங்களில்
முதுநகரில் எங்கள் ஷட்டர் மட்டும்
பாதி திறந்திருந்தது.
கோயம்பேட்டில் மூட்டை தூக்கித் திரும்பியவன்
கொலுசை வாசலில் வைத்துவிட்டுத்
தள்ளி நின்றான்.
சின்னக் கொலுசு.
சானிடைசரில் கழுவி உரசினேன்.
படகுக்கு லீவு விட்டார்கள்;
வட்டிக்கு விடவில்லை.

முதலாளி பக்கத்துக் கடையையும் வாங்கிய வாரம்
ஏல நோட்டீஸ் ஒட்டினோம்.
கூட்டம் வந்தது.
எல்லோரும் மாஸ்க், யாரையும் தெரியவில்லை
என்றேன் போலீசிடம்.
வெறும் காதுகளை வைத்தே
அத்தனை பேரையும் தெரிந்தது.

கண்ணாடியை உடைத்த கல்லைத்
தராசில் வைத்தேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
பெயர் இடத்தை வெறுமையாக விட்டுச்
சீட்டு எழுதினேன்.

மீட்க வருவார்கள்.